கணினிக்கு எடை தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்

குடும்பத்தோடு காரில் ஏறி அமரும்போது, முன்னால் இருக்கும் இன்ஜினைப் பற்றி நாம் யாரும் யோசிப்பதில்லை. நேருக்கு நேர் மோதல் நடந்தால் அந்தக் கனத்த பொருள் எந்தப் பக்கம் நகரும்? ஓட்டுநரின் கால் இருக்கும் இடம் வரை வந்துவிடுமா? இதை முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு இன்று பெரும்பாலும் கணினியில்தான் நடக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் பொறியியல் படிக்கிறார்கள். அவர்கள் செய்யும் வேலை இன்னதென்று பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது.

இதற்குப் பயன்படும் வழியை 'ஃபைனைட் எலிமெண்ட்' முறை என்கிறார்கள். காரின் ஒவ்வொரு தகட்டையும் ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, மோதும்போது ஒவ்வொரு கட்டமும் எப்படி வளைகிறது, நசுங்குகிறது என்று கணினி கணக்கிடும். ஆனால் எல்லாப் பாகமும் நசுங்குவதில்லை. பானட் தகடு காகிதம் போல் கசங்கும்போது இன்ஜின் ஏறக்குறைய அதே வடிவில்தான் இருக்கும். எனவே அதை வளையாத 'திண்மப் பொருள்' என்று அறிவித்துவிடுவார்கள். கணக்கு வெகுவாகக் குறைந்துவிடும்.

பத்து எண்கள்

திண்மப் பொருளுக்கு ஆறு அசைவுகள் மட்டுமே உண்டு. மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் சுழலலாம். இவற்றைத் தீர்மானிக்கப் பத்து எண்கள் போதும். நிறைக்கு ஒன்று, நிறை மையம் எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று, சுழற்சியை எவ்வளவு எதிர்க்கும் என்பதற்கு ஆறு. கடைசியாகச் சொன்னதைத்தான் பாடப் புத்தகங்கள் 'நிலைமத் திருப்புத்திறன்' என்கின்றன.

இதை வீட்டிலேயே உணரலாம். எடை குறைந்த ஒரு மீட்டர் குச்சியின் நடுவைப் பிடித்துக்கொண்டு, இரு பக்கமும் 10 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு கிலோ தண்ணீர் பாட்டில் ஒவ்வொன்றைக் கட்டித் திருப்பிப் பாருங்கள். எளிதாகத் திரும்பும். பிறகு அதே பாட்டில்களைக் குச்சியின் இரு முனைகளில், அதாவது 50 சென்டிமீட்டர் தூரத்தில் கட்டுங்கள். கை திணறும். எடை மாறவில்லை. தூரம் 5 மடங்கு ஆனதால், திருப்புவதற்கான எதிர்ப்பு 25 மடங்கு ஆகிவிட்டது. ஆகவே எடையை மட்டும் சரியாகச் சொன்னால் போதாது, அது எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

சொல்லும் வழிகள் இரண்டு

முதல் வழி, அடர்த்தியைக் கொடுப்பது. வரைந்த வடிவத்தின் கன அளவோடு அடர்த்தியைப் பெருக்கி, மீதியைக் கணினியே கண்டுகொள்ளும். இதில் ஒரு பொறி உண்டு. இன்ஜினின் வெளித்தோலை மட்டும் வரைந்திருப்பார்கள். உள்ளே உள்ள பிஸ்டன், கிராங்க் ஷாஃப்ட் எதுவும் இருக்காது. கணினி அந்தத் தோலின் எடையைத்தான் இன்ஜினின் எடை என்று எடுத்துக்கொள்ளும்.

இரண்டாம் வழி, உண்மையான பொருளை எடை போட்டு, தொங்கவிட்டு நிறை மையம் கண்டு, ஊசலாடவிட்டு நேரம் அளந்து, பத்து எண்களையும் நேரடியாக எழுதுவது. எல்எஸ்-டைனா மென்பொருளில் இரு வழிகளும் உண்டு. அபாகஸ் மென்பொருளில் ஒரு குறிப்புப் புள்ளியில் நிறையை வைக்கலாம். அந்தப் புள்ளி நிறை மையத்தில் இல்லாவிட்டால், எடை முழுவதும் தவறான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

அலகுகளிலும் கவனம் வேண்டும். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. மில்லிமீட்டர், டன் கணக்கில் வேலை செய்பவர் அதே 7850ஐ எழுதிவிட்டால் பொருள் லட்சம் கோடி மடங்கு கனத்துவிடும். இவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். சிறிய தவறுதான் ஆபத்தானது.

அமெரிக்காவில் கார்களை மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, அந்த வேகத்தில் 150 கிலோ இன்ஜின் சுமார் 18,000 ஜூல் ஆற்றலோடு முன்னே பாயும். கணினியில் அதன் எடை பாதியாகப் பதிவாகியிருந்தால் அந்த ஆற்றலும் பாதியாகிவிடும். திரையில் கார் அழகாக மோதும், படம் தத்ரூபமாக இருக்கும், எச்சரிக்கை எதுவும் வராது. பயணிகள் இருக்கும் பகுதி மட்டும் உண்மையில் இருப்பதைவிடப் பாதுகாப்பானதாகத் தெரியும்.

என்ன செய்ய வேண்டும்?

கணக்கு ஓடியதும் மென்பொருள் ஒவ்வொரு பாகத்தின் நிறையையும் பட்டியலிட்டுத் தரும். படத்தைப் பார்க்கும் முன் அந்தப் பட்டியலைத் தராசில் கண்ட எடையோடு ஒப்பிட வேண்டும். மூன்று முதன்மை அச்சுகளின் திருப்புத்திறன்களில் எந்த இரண்டைக் கூட்டினாலும் மூன்றாவதைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் அப்படியொரு பொருள் உலகில் இருக்க முடியாது. அடர்த்தியும் கொடுத்து, தனியாக நிறையும் சேர்த்து, ஒரே எடையை இருமுறை எண்ணிவிடவும் கூடாது.

எல்லாம் சில நிமிட வேலைதான். ஆனால் அந்தக் காரில் நாளை ஏறப்போகும் குடும்பம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பொறியியல் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், "எடையைச் சரிபார்த்தாயா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.