முதலை கடித்தால் உடனே தைப்பதில்லை, ஏன்?

கொள்ளிடத்தில் இறங்கியவரை முதலை கவ்வியது என்ற செய்தி சிதம்பரம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. கிழிந்த காலைத் தைக்காமல், கட்டு மட்டும் போட்டு வார்டுக்கு அனுப்பினால் உறவினர்களுக்குக் கோபம் வரும். "இவ்வளவு பெரிய காயம், ஒரு தையல்கூடப் போடலையே!" போடாமல் விடுவதுதான் இங்கே வைத்தியம்.

முதலை மெல்லாது. கவ்வும், பிறகு தன் உடம்பையே சுழற்றித் திருகும். வெளியே வரிசையாகச் சில துளைகள் மட்டும் தெரியலாம். உள்ளே தசை நசுங்கி, எலும்பு நொறுங்கியிருக்கும். அதன் வாயிலும் ஆற்றுநீரிலும் வாழும் ஏரோமோனாஸ் போன்ற கிருமிகளைப் பற்கள் ஆழத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும். மேலே தைத்து மூடினால் அவை உள்ளேயே பெருகும். முற்றினால் காலையே எடுக்க நேரும்.

ஆகவே அறுவை அரங்கில் பெரிய வேலை கழுவுவதுதான். லிட்டர் லிட்டராகச் சலைன் ஊற்றுவார்கள். சேறு வரும், வேட்டி நூல் வரும், சில சமயம் உடைந்த பல் துண்டும் வரும். தசைக்கு உயிர் இருக்கிறதா என்று இடுக்கியால் கிள்ளிப் பார்ப்பார்கள். துடிக்காமல், வெட்டினாலும் ரத்தம் கசியாமல் கிடந்தால் அகற்றிவிடுவார்கள். ஓரிரு நாளில் மறுபடி திறந்து பார்த்து, சுத்தமாக இருந்தால்தான் மூடுவது. அமாக்ஸிசிலின் மட்டும் கொடுத்தால் ஏரோமோனாஸ் அசையாது. செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை வேண்டும். டெட்டனஸ் ஊசியும் உண்டு. வெறிநோய்த் தடுப்பூசி தேவையில்லை. அந்த நோய் பாலூட்டிகளோடு சரி.

நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் கரடி தாக்கினால் கணக்கே மாறும். கரடி பெரும்பாலும் முகத்தையும் தலையையும்தான் குறிவைக்கும். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால், நன்றாகக் கழுவியபின் அன்றே தைக்கலாம். ஆனால் வெறிநோய் பயம் உண்டு. வெறிநோய்க்கு எதிரான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்திய பிறகே ஊசிநூலை எடுக்க வேண்டும். அவசரத்தில் இந்த வரிசை தவறுவதுதான் ஆபத்து. தடுப்பூசியும் அன்றே தொடங்கிவிட வேண்டும்; தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28 ஆம் நாட்களில்.

மருத்துவமனை சேரும்வரை சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். தாடை உடைந்து வாயில் ரத்தம் வந்தால், நினைவோடு இருப்பவரை மல்லாக்கப் படுக்கவைக்காமல் முன்பக்கம் சாய்த்து உட்காரவையுங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் வேண்டாம். தொங்கும் தோலையும் வெட்டிவிடாதீர்கள். மருத்துவர் அதையே பொருத்தித் தைக்கக்கூடும்.