புல்வெட்டியும் பொதுச் சொத்தும்

நெசவாளருக்கும் பயிர்த்தொழிலாளருக்கும் பொதுவான இப்பத்திரிகையில் புல் வெட்டும் யந்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தால், தறிக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். சற்றுப் பொறுக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த யந்திரத்தின் தாய்வீடு துணி ஆலையே. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் வட்டாரம் கம்பளித் துணிக்குப் பேர்போனது. அங்கு வாழ்ந்த எட்வின் பட்டிங் என்னும் யந்திர வல்லுநர், நெய்த கம்பளியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைக் கத்தரித்துச் சீராக்கும் உருளைக் கத்தியிலிருந்து ஒரு யோசனை பெற்றார். துணியைச் சீராக்கும் கத்தி தரையிலுள்ள புல்லையும் சீராக்காதா? 1830-ஆம் ஆண்டில் அவர் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார்.

அன்று ஆள் தள்ளிய கருவியை இன்று அமர்ந்து ஓட்டுகிறோம். மேலைநாட்டார் வீட்டுப் புல்தரைக்கென்றே தனி வண்டி வைத்திருக்கின்றனர். நம் பக்கத்தில் மினி டிராக்டரின் பின்னால் மாட்டும் புல்வெட்டியே அந்த வேலையைச் செய்கிறது. சங்கரன்கோவிலுக்கு மேற்கே, புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டங்களைப் போன்ற இடங்களுக்கு இது மிகவும் ஏற்றது. எலுமிச்சையின் உணவு வாங்கும் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்பவை. களையை ஒழிக்க ஆழ உழுதால் அவை அறுபடும். புல்லை வெட்டி அங்கேயே விட்டால் வேரும் பிழைக்கும். மண்ணில் ஈரமும் தங்கும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் யந்திரங்களை வாடகைக்கு விடும் ஏற்பாடு உண்டு. அத்தகைய சங்கம் ஒன்றுக்கு நான் தணிக்கைக்குச் சென்றிருந்தேன். புல்வெட்டி ஒரு பக்கம் மேலாகவும் மறுபக்கம் மண்ணைச் சுரண்டியும் வெட்டுகிறது என்று அங்கத்தினர்கள் குறைகூறினர். ஓட்டுநர் மீது ஒரு புகார் மனு. புதிய கத்திகள் வாங்க ஒரு தீர்மானம். இரண்டும் மேஜைமேல் தயாராக இருந்தன. யந்திரத்தைச் சமதரையில் நிறுத்திப் பார்த்தோம். டிராக்டரின் பின்சக்கரம் ஒன்றில் காற்று குறைந்திருந்தது. காற்றடித்ததும் குறை நீங்கிற்று. தீர்மானம் தேவைப்படவில்லை, ஓட்டுநரின் பெயரும் கெடாமல் தப்பியது.

இதிலிருந்து முதல் பாடம்: கத்தியைக் குறைகூறுமுன் சக்கரத்தைப் பாருங்கள். இரு பின்சக்கரங்களிலும் காற்று சமமாக இருந்தபின்பே மட்டம் பார்க்க வேண்டும். தறி மட்டமாக நில்லாவிடில் துணி கோணும் என்பதை நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, இரு பக்கமும் கத்தி நுனிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து, டிராக்டரின் தூக்குக் கையைத் திருகிச் சமமாக்குக. பிறகு நடுவிலுள்ள டாப் லிங்க்கைத் திருகி, முன்பக்கம் பின்பக்கத்தைவிட அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை தாழ்ந்திருக்கச் செய்க. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் வெட்டிய புல்லையே மீண்டும் வெட்டி, டீசல் வீணாகும். கல் கிடக்கும் தோட்டத்தில் 3 அல்லது 4 அங்குல உயரத்திற்குக் கீழே இறக்காதிருப்பது நலம்.

இரண்டாவது கத்தி. பட்டிங்கின் கருவி கத்தரிக்கோல் போல் வெட்டிற்று. இதுவோ அரிவாள் வீச்சைப் போல் வேகத்தால் வெட்டுவது. ஆகவே கத்தியைச் சவரக் கத்திபோல் தீட்டத் தேவையில்லை. அவ்வாறு தீட்டினால் விளிம்பு விரைவில் சிதையும். பழைய சரிவு மாறாமல் மேற்புறத்தை மட்டும் தீட்டி, விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பை விட்டுவிடுக. மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுக. எடை ஒத்திராத கத்திகள் யந்திரத்தை நடுங்கச் செய்து, பேரிங்கைத் தின்றுவிடும். புல் வெட்டுப்படாமல் கிழிபட்டிருந்தால், கத்தி மழுங்கியிருக்கலாம். அல்லது வேகம் குறைந்திருக்கலாம். பின்தண்டு நிமிடத்திற்கு 540 சுற்றுச் சுற்றும் வேகத்திற்கென்று அமைந்த புல்வெட்டியை அவ்வேகத்திலேயே ஓட்ட வேண்டும். புல் அடர்ந்திருந்தால் கியரைக் குறைத்து மெல்லச் செல்க. எஞ்சினின் வேகத்தைக் குறைக்காதீர்.

மூன்றாவது எண்ணெயும் கிரீஸும். நாள்தோறும் வேலை தொடங்குமுன் சுழல்தண்டின் மூட்டுகளுக்குக் கிரீஸ் அடித்து, கத்தி போல்ட்டுகளை முறுக்கிப் பார்த்து, கியர் பெட்டியின் எண்ணெய் மட்டத்தைக் காண்க. வேலை முடிந்ததும் தட்டின் அடியில் ஒட்டிய ஈரப்புல்லைச் சுரண்டி எடுக்காவிட்டால் துரு பிடிக்கும்.

இவை யந்திரத்தைக் காப்பன. மனிதரைக் காப்பது ஒன்றுண்டு. நிமிடத்திற்கு 540 சுற்று என்றால் ஒரு விநாடிக்கு 9 சுற்று. வேட்டி நுனியோ துண்டோ சேலைத் தலைப்போ அந்தத் தண்டில் சிக்கினால், கூப்பிடுமுன் உடலையே இழுத்துவிடும். நாம் நெய்யும் துணியின் உறுதியே அப்போது நமக்கு எதிரியாகும். தண்டின் மேலுறை உடைந்திருந்தால் அன்று வேலையை நிறுத்துங்கள். சிக்கிய புல்லை எடுக்குமுன் எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்து, கத்தி முழுதும் நின்றதா என்று பாருங்கள். ஓடும்போது 100 அடிக்குள் எவரையும் நிற்க விடாதீர். கத்தி தெறிக்கும் கல் குண்டுபோல் பாயும்.

தனியார் யந்திரத்திற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். சங்க யந்திரத்திற்கோ நூறு சொந்தக்காரர். ஆனால் கிரீஸ் அடிக்க ஒருவரும் இல்லை. பொதுச் சொத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தீய எண்ணமன்று. "இன்னொருவர் பார்த்துக்கொள்வார்" என்ற எண்ணமே. இதற்கு மருந்து ஒரு குறிப்பேடு. ஓடிய மணி, அடித்த கிரீஸ், மாற்றிய எண்ணெய், கண்ட பழுது, பார்த்தவர் கையெழுத்து ஆகிய ஐந்து பத்திகள் போதும். யந்திரத்தை வாங்கிச் செல்பவரும் திருப்பித் தருபவரும் அதில் ஒப்பமிட வேண்டும். வாடகை ரசீதுகளை ஒழுங்காக வைத்திருக்கும் சங்கங்களிலும் இக்குறிப்பேட்டைக் காணாது நான் திரும்பியதுண்டு.

ஆடித் தபசு முடிந்தால் ஐப்பசி மழை தொலைவில் இல்லை. மழைக்குப்பின் புல் எவருக்கும் காத்திராமல் எழும். இடையிலுள்ள நாட்களில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, உங்கள் சங்கத்துப் புல்வெட்டியை வெளியே இழுத்துச் சமதரையில் நிறுத்துங்கள். முதலில் சக்கரத்தின் காற்றைப் பாருங்கள்.