ஆறாவது படி

மதுராந்தகம் வட்டாரத்துப் பங்குகளை அறிந்தோர் இதனையும் அறிவர்: கோவில் ஓரிடத்தில் இருக்கும், இறைமக்களோ ஏரிப்பாசன ஊர்களிலும் நெடுஞ்சாலை ஓரக் குடியிருப்புகளிலும் சிதறி வாழ்வர். விடியுமுன் மறைமலைநகருக்கும் ஒரகடத்திற்கும் வேலைக்குச் செல்வோர் இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். ஞாயிறு திருப்பலியில் அருகருகே முழந்தாளிடும் இருவர், ஒருவர் பெயரை மற்றவர் அறியாமலே ஆண்டுகள் பலவற்றைக் கழித்துவிடக் கூடும். பங்குத்தந்தை ஒருவரால் எத்தனை வீடுகளின் படியேற முடியும்?

இக்குறையை நீக்க வந்ததே அன்பியம். அண்டை அயலில் வாழும் இருபது, முப்பது குடும்பங்கள் முறை வைத்து ஒருவர் இல்லத்தில் கூடி, இறைவார்த்தையை வாசித்து, வாழ்வைப் பகிர்ந்துகொள்ளும் சிறு சமூகம் அது. இது புதுமையன்று. திருச்சபைக்கு ஏறத்தாழ முதல் மூன்று நூற்றாண்டுகள் இல்லங்களே ஆலயங்களாக இருந்தன. பிரிஸ்கா, அக்கிலா தம்பதியரின் வீட்டில் கூடிய சபைக்குப் புனித பவுல் வாழ்த்துச் சொல்கிறார். நம் காலத்தில், 1968-இல் மெடலின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் இவ்வழியை ஊக்குவித்தனர். 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இத்தகைய குழுக்களை வரவேற்றதோடு, அவை தலத்திருச்சபையோடு ஒன்றித்திருக்க வேண்டும் என்றும், தாங்கள் மட்டுமே நற்செய்தியைப் பெற்றவர்கள் என எண்ணலாகாது என்றும் எச்சரித்தார். 1990-இல் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், திருச்சபையைச் சமூகங்களின் ஒன்றிப்பாகக் கண்டனர். 2002-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தினின்று பிரிந்து உருவான நம் செங்கற்பட்டு மறைமாவட்டத்திற்கு, இப்பார்வை பிறப்பின்போதே கிடைத்த சொத்து எனலாம்.

அன்பியத்தால் என்ன நன்மை என்று கேட்போர் பலர். செபம் செய்யத்தான் கோவில் இருக்கிறதே என்பர். இதற்கு விடை, நற்செய்திப் பகிர்வின் ஏழு படிகளில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவாகி ஆசியாவெங்கும் பரவிய முறை இது. ஆண்டவரை அழைத்தல், இறைவாக்கை வாசித்தல், மனத்தைத் தொட்ட சொற்களைத் திரும்பச் சொல்லுதல், மௌனம் காத்தல், பகிர்தல் எனப் படிகள் ஏறுகின்றன. ஏழாவது படி மன்றாட்டு. இடையில் உள்ள ஆறாவது படியோ, நாம் என்ன செய்யப் போகிறோம் என்று கூடி முடிவு செய்தல்.

இந்த ஆறாவது படியைத்தான் நம்மில் பலர் தாண்டிவிடுகிறோம். ஐந்திலிருந்து ஏழுக்கு ஒரே தாவல். அதன் பின் சுண்டலும் தேநீரும்! (இதிலும் வீட்டுக்கு வீடு போட்டி வந்து, ஏழைக் குடும்பம் தன் முறை வருவதற்கே அஞ்சுகிறது. குடிக்கத் தண்ணீர் போதும் என்று அன்பியமே முடிவு செய்தால் நன்று.) தனித்து வாழும் மூதாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது யார்? ஒப்பந்த வேலையை இழந்த இளைஞனுக்காக விசாரித்துப் பார்ப்பது யார்? முதியோர் உதவித்தொகைக்கான மனுவை எழுதித் தருவது யார்? பெயரும் நாளும் குறித்து முடிவெடுத்தாலன்றி அப்படி ஏறப்படவில்லை என்றே பொருள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் சுமந்து ஏரிக்கரையைக் காத்த குடிமராமத்தை நம் முன்னோர் அறிவர். கரைமீது நின்று ஏரியின் பெருமையைப் பேசியதால் எந்த உடைப்பும் அடைபட்டதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்பியம் எந்த வீட்டில் கூடுகிறது? சில தெருக்களின் வீடுகளுக்கு முறை வருவதே இல்லை. அங்கே இடம் போதாது என்பர். விளக்கு வெளிச்சம் சரியில்லை என்பர். உண்மைக் காரணம் சாதி என்பதை அனைவரும் அறிவோம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது, நாட்டுக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித் மக்கள் என்று குறிப்பிட்டது. பெரும்பான்மையினரான அவர்களது வாசற்படியை மிதிக்காத கூட்டத்தை எப்படி அன்பியம் என்பது? கொரிந்தில் செல்வர் முன்னதாக உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு நின்றபோது, அது ஆண்டவரின் விருந்தே அன்று என்றார் பவுல். தலித் குடும்பத்தின் பாயில் அமர்ந்து, அவர்கள் தரும் தண்ணீரைக் குடித்து, அவ்வீட்டுப் பெண் இறைவாக்கை வாசிக்கக் கேட்பது சிறிய செயலாகத் தோன்றலாம். பல ஊர்களில் மேடைப் பிரசங்கங்களால் ஆகாததை அது செய்யும். அன்பியத்தின் நன்மைகளில் இதனையே நான் முதலில் வைப்பேன்.

வரி வசூலிக்கவும் திருவிழாக் கணக்குப் பார்க்கவும் மட்டுமே அன்பியத்தைக் கூட்டும் பங்குகளில், மக்கள் சலிப்படைவதில் வியப்பில்லை. பணப்பேச்சைப் பங்குப் பேரவைக்கு விட்டுவிடலாம். அன்பியத்திற்குத் தேவை விவிலியம் ஒன்று, சிறு குறிப்பேடு ஒன்று. சென்ற முறை ஆறாவது படியில் யார் எதைச் செய்வதாக ஏற்றார் என்பதைக் குறிப்பேட்டிலிருந்து வாசித்து, அது நிறைவேறியதா என்று கேட்டுவிட்டு, அதன் பின்னரே முதற்படிப் பாடலைத் தொடங்குங்கள்.