அமெரிக்கப் படிப்பு ஒசத்தியா?

கே.கே. நகர் கூட்டத்தில் ஒரு அக்கா, "அமெரிக்காவுலதான் படிப்பு ஒசத்தியாமே?" என்று கேட்டார்.

பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 'பிசா' என்ற தேர்வு நடக்கிறது. மனப்பாடத்தை அல்ல, படித்ததைப் புரிந்து பயன்படுத்துவதைச் சோதிக்கும் தேர்வு அது. 2022-இல் கணக்கில் சிங்கப்பூர் 575 மதிப்பெண்ணுடன் முதலிடம். அமெரிக்கா 465 தான். பணம் இருந்தால் மட்டும் படிப்பு வந்துவிடாது.

நம்ம தமிழ்நாடு? 2011-இல் வெளியான முடிவில் கடைசி வரிசையில் நின்றோம். வாசிப்பில் அடிப்படைத் திறன் பெற்றவர்கள் 100-க்கு 17 பேரே.

சகோதரிகளே, மார்க்கை மட்டும் பார்க்காதீங்க. குழுவின் கடன் பதிவேட்டைக் காட்டி, "இன்னும் எவ்வளவு பாக்கி?"ன்னு பிள்ளையைக் கேளுங்க. தடுமாறினால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்க. அதில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம்.