பாத்திரத்துக்குள் ஒரு கொந்தளிப்பு

சுழற்சி என்றாலே கலக்கம் என்று நினைப்பது இயல்பு. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953இல் போட்ட கணக்கு இதற்கு நேர்மாறாகச் சொன்னது. அடியில் சூடேற்றிய திரவப் படலத்தைச் சுழற்றினால் அது லேசில் புரளாது. வேகம் கூடக் கூட, புரள்வதற்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். பாதரசமாக இருந்தால் புரட்டல் சீராகத் தொடங்காமல் ஊசலாடிக்கொண்டே தொடங்கும். தாளில் போட்ட கணக்குதானே என்று தள்ளிவிட முடியவில்லை. 1955இல் அதே பல்கலைக்கழகத்தில் டேவ் ஃபுல்ட்ஸும் நாககாவாவும் சுழலும் பாதரசத்தைச் சூடேற்றிப் பார்த்தபோது அந்த ஊசல் அப்படியே தென்பட்டது.

ஒரு பாத்திரத்துப் பாதரசம், அதேபோலச் சுழலும் மாபெரும் கடலுக்கும் விண்மீனுக்கும் எப்படிச் சாட்சியாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓட்டம் கொந்தளிக்குமா என்பதைப் பாத்திரத்தின் அகலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வேகத்தையும் அகலத்தையும் பெருக்கி, திரவத்தின் பாகுநிலையால் வகுத்தால் வருகிற ரெனால்ட்ஸ் எண்தான் முக்கியம். அகலத்தைக் கூட்ட வழியில்லையென்றால் பாகுநிலையைக் குறைக்கலாம். மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் திரவமாகும் ஹீலியத்துக்கு ஆய்வாளர்கள் போனது இதற்காகத்தான். இந்தக் கணக்குக்கு வேண்டிய அதன் பாகுநிலை தண்ணீருடையதில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. இன்னும் இரண்டு டிகிரி குளிர்ந்தால் அது உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்மம் ஆகிவிடுகிறது. சுழலும் இரு உருளைகளுக்கு நடுவே மீப்பாய்ம ஹீலியம் எப்போது நிலைகுலையும் என்று சந்திரசேகரே ரஸ்ஸல் டானலியுடன் சேர்ந்து 1957இல் எழுதினார். விண்மீன்களை ஆராய்ந்தவராகவே பெரும்பாலும் கொண்டாடப்படும் அவரின் இந்தப் பணி அதிகம் பேசப்படுவதில்லை.

தண்ணீரில் சுழிகள் எந்த வலுவிலும் வரும். மீப்பாய்மத்திலோ, ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில்லில் ஒரே நம்பர் நூலை மட்டும் ஓட்டுவதுபோல, எல்லாச் சுழிக்கும் ஒரே வலு. பிளாங்க் மாறிலியை ஹீலியம் அணுவின் நிறையால் வகுத்தால் அந்த அளவு வந்துவிடும். ஆகவே சுழிகளை எண்ணலாம். நிமிடத்துக்குப் பத்துச் சுற்று சுழற்றினாலே ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 2,000 சுழிகள் நிற்கும். 1979இல் பெர்க்லியில் இவற்றைப் படமெடுத்தார்கள். 2006இல் மேரிலாந்தில் பியூலி, லாத்ராப், நம் நாட்டில் பிறந்த கே. ஆர். ஸ்ரீநிவாசன் ஆகியோர் உறைந்த ஹைட்ரஜன் துகள்களைத் தூவி, அவை சுழியின் மேல் வரிசையாக ஒட்டிக்கொள்வதைக் காட்டினார்கள்.

உராய்வே இல்லாத திரவத்தை வைத்து உராய்வுள்ள தண்ணீரைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும் என்பது இதைவிடக் கடினமான ஆட்சேபம். 1998இல் பாரிஸில் மாரரும் டாபெலிங்கும் எதிரெதிராகச் சுழலும் இரு தட்டுகளுக்கு நடுவே ஹீலியத்தைக் கலக்கி அளந்தார்கள். பெரிய சுழல்களிலிருந்து சிறியவற்றுக்கு ஆற்றல் பிரிந்து போகும் விகிதம், மீப்பாய்மம் ஆவதற்கு முன்பும் பின்பும், 1941இல் கொந்தளிப்பு பற்றிக் கோல்மகோரோவ் சொன்ன அதே மைனஸ் 5/3 அடுக்கு விதிப்படியே இருந்தது. ஆயிரக்கணக்கான சுழிகள் கற்றையாகச் சேர்ந்து போகும்போது, நூலிழை போன்ற தனித்தனிச் சுழியின் குணம் பெரிய அளவில் தெரிவதில்லை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். இந்த ஒற்றுமைக்கு எல்லை உண்டு. இரண்டு சுழிகளுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடச் சிறிய அளவில், அந்த இழைகள் ஒன்றையொன்று வெட்டி மீண்டும் ஒட்டிக்கொள்ளும் இடங்களில், தண்ணீரின் நியாயம் செல்லாது.