ஏரியில் கப்பல் மூழ்குமா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, போபால் பெரிய ஏரிக்கரையில் பேரனோடு நடந்துகொண்டிருந்தேன். "தாத்தா, ஏரியில கப்பல் முழுகுமா?" என்றான். "ஏரியில ஏதுடா கப்பல், படகுதான்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் தப்பாகச் சொல்லிவிட்டது தெரிந்தது. அவனுக்குச் சொன்ன திருத்தத்தை மலர் வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

ஏரி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கரையும் மதகும்தான். வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகள் அந்தக் கணக்கில் அடங்காதவை. அவற்றில் பெரியதான சுபீரியரின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல். ஆழம் சில இடங்களில் 400 மீட்டரைத் தாண்டும். இரும்புத்தாதுவும் தானியமும் ஏற்றிச் சென்று, புயலில் சிக்கி இந்த ஏரிகளில் மூழ்கிய கப்பல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

கடலில் மூழ்கிய மரக்கப்பலைக் கப்பல்புழு துளைத்துத் தின்றுவிடும். நன்னீரில் அந்தப் புழு கிடையாது. குளிர்ந்த நீரில் மரம் மக்குவதும் மெதுவாகத்தான். கிறிஸ்துமஸ் மரங்களை ஏற்றிக்கொண்டு சிகாகோவுக்குப் புறப்பட்ட 'ரௌஸ் சிம்மன்ஸ்' 1912 நவம்பரில் மிச்சிகன் ஏரியில் மூழ்கியது. 1971-இல் அதைக் கண்டுபிடித்தபோது, அந்த மரங்கள் கப்பலின் வயிற்றிலேயே இருந்தன!

சரி, எப்படித்தான் தேடுகிறார்கள்? தேடல் தண்ணீரில் தொடங்குவதில்லை, காகிதத்தில் தொடங்குகிறது. பழைய செய்தித்தாள்கள், பிழைத்தவர்களின் வாக்குமூலங்கள், விசாரணைப் பதிவுகள், மீனவர் வலை சிக்கிய இடங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வரைபடத்தில் ஒரு கட்டம் போடுகிறார்கள். பிறகு படகின் பின்னால் சோனார் கருவியைக் கட்டி இழுத்துக்கொண்டு, வயலில் ஏர் ஓட்டுவது போல வரிசை வரிசையாகப் போய் வருகிறார்கள். கருவி இருபுறமும் ஒலியை அனுப்பும். சேறு மங்கலாகவும் இரும்பு பளிச்சென்றும் படத்தில் விழும். மேடான பொருளுக்குப் பின்னால் நிழல் விழும். அதன் நீளத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம். கடைசியில் கேமராவை இறக்கி உறுதி செய்வார்கள்.

1892 ஆகஸ்ட் 30 அன்று சுபீரியரில் 'வெஸ்டர்ன் ரிசர்வ்' என்ற எஃகுக் கப்பல் உடைந்து 27 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் ஒரே ஒருவர். கப்பல் இரண்டாகப் பிளந்தது என்று அவர் சொன்னார். 132 ஆண்டுகள் கழித்து, 2024-இல் சோனாரில் அகப்பட்டபோது அது இரண்டு துண்டாகத்தான் கிடந்தது.

தேடுவோருக்கு இப்போது அவசரமும் உண்டு. வெளிநாட்டுக் கப்பல்களின் நிலைநிறுத்த நீரோடு வந்து சேர்ந்த குவாக்கா சிப்பிகள், மிச்சிகன் போன்ற ஏரிகளில் சிதைவுகளின் மேல் அடை அடையாக ஒட்டி, பெயர்ப்பலகையைக்கூட மறைத்துவிடுகின்றன.

"கண்டுபிடிச்சு என்ன பண்ணுவாங்க தாத்தா?" என்றான் பேரன். நியாயமான கேள்விதான். 1975 நவம்பர் 10 அன்று 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' சுபீரியரில் 29 பேரோடு மூழ்கியது. நான்கே நாளில், காந்தப்புல மாற்றத்தை உணரும் கடற்படை விமானம் இடத்தைக் காட்டிவிட்டது. ஆனால் ஓர் உடல்கூட மீட்கப்படவில்லை. குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் 1995-இல் கப்பலின் மணியை மட்டும் மேலே கொண்டுவந்தார்கள். அதற்குப் பதிலாக 29 பெயர்களும் பொறித்த வேறொரு மணியை அங்கேயே வைத்துவிட்டார்கள். கரைக்கு வந்த மணி இன்று ஒயிட்ஃபிஷ் பாயின்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் 10 அன்று அதை ஒவ்வொருவருக்கும் ஒரு முறையாக 29 முறை அடிக்கிறார்கள். முப்பதாவது அடி, இந்த ஏரிகளில் மாண்ட மற்ற எல்லோருக்கும்.

பிழைப்புக்காக வெளியூர் வந்தவர்கள் நாம். போனவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது என்னவென்று நம் வீடுகளுக்குத் தெரியும். பேரனிடம் இதைத்தான் சொன்னேன். "அப்ப இன்னும் கிடைக்காத கப்பலெல்லாம்?" என்றான். "தேடிக்கிட்டே இருக்காங்கடா" என்றேன்.