இறக்கைக் கலப்பை

நுழையும்முன்

‘அகல உழுவதினும் ஆழ உழு’ என்பது தமிழ் உழவரின் பழமொழி. ஆழ உழுவதற்கு இழுக்கும் வலிமை மட்டும் போதாது. கருவியின் அமைப்பும் அதைப் பொருத்தும் முறையும் சரியாக இருத்தல் வேண்டும். டிராக்டரின் பின்னே இயங்கும் இறக்கைக் கலப்பையைப் பற்றியும், தலைநகர் தில்லியின் காற்றோடு அதற்குள்ள தொடர்பைப் பற்றியும் இப்பாடம் விளக்குகிறது.

தில்லியின் வயல்கள்

தில்லி என்றவுடன் செங்கோட்டையும் குதுப்மினாரும் நாடாளுமன்றமும் நினைவுக்கு வருகின்றன. வயல்கள் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும், வடக்கே நரேலா, அலிப்பூர், தென்மேற்கே நஜஃப்கர் ஆகிய பகுதிகளில் இன்றும் நெல்லும் கோதுமையும் காய்கறிகளும் விளைகின்றன. நகரின் நடுவே, பூசா வளாகத்தில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது. 1905-ஆம் ஆண்டு பீகாரில் உள்ள பூசா என்னும் ஊரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெரிதும் சேதமடைந்தது. 1936-இல் அது தில்லிக்கு இடம்பெயர்ந்தபோது பழைய ஊரின் பெயரும் உடன் வந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் இந்நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர்.

நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் வடஇந்திய உழவருக்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று வாரங்களே. நிலத்தடி நீரைக் காக்கும்பொருட்டு, பஞ்சாபும் அரியானாவும் 2009-இல் நெல் நடவை ஜூன் மாதத்திற்குத் தள்ளிச் சட்டம் இயற்றின. அதனால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமையைக் காலந்தாழ்த்தி விதைத்தால், கதிர் முற்றும் பருவத்தில் வெயில் தாக்கி விளைச்சல் குறையும். அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற வைக்கோலையும் தாளையும் விரைவாக அகற்ற வேண்டிய உழவர் பலர் தீயை நாடினர். அக்டோபர், நவம்பர் மாதங்களில் அப்புகை காற்றோடு வந்து தில்லியையும் சூழ்கிறது. புகை நகரத்தாரை மட்டும் வருத்துவதில்லை. தீ வைத்த உழவரின் வீட்டாரே அதை முதலில் சுவாசிக்கின்றனர். தாளில் உள்ள தழைச்சத்தின் பெரும்பகுதியும் வீணாகிறது.

தாளை எரிக்காமல் மண்ணுக்குள்ளேயே புதைக்க வல்லது இறக்கைக் கலப்பை. 2018-ஆம் ஆண்டு பஞ்சாப், அரியானா, உத்தரப்பிரதேசம், தில்லி ஆகியவற்றிற்காக நடுவண் அரசு தொடங்கிய பயிர்க்கழிவு மேலாண்மைத் திட்டத்தில் இக்கருவியின் ஒரு வகையும் இடம்பெற்றது. தனி உழவருக்கு விலையில் 50 விழுக்காடும், உழவர் குழுக்களுக்கு 80 விழுக்காடும் மானியமாக அறிவிக்கப்பட்டன.

கலப்பையின் உறுப்புகள்

நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிச் செல்லும், புரட்டாது. இரண்டு சால்களுக்கு நடுவே உழப்படாத மண் எஞ்சும். ஆதலால் குறுக்கும் நெடுக்கும் பலமுறை உழ வேண்டியிருந்தது. இறக்கைக் கலப்பையோ ஒரே ஓட்டத்தில் மண்ணை வெட்டி, உயர்த்தி, தலைகீழாகக் கவிழ்த்துவிடும்.

இதன் முன்முனையில் உள்ள கொழு, மண்ணை அடியில் கிடையாக வெட்டுகிறது. கொழுவுக்கு மேலே வளைந்து நிற்கும் எஃகுத் தகடே இறக்கை. வெட்டப்பட்ட மண்பாளம் இதன் வளைவில் ஏறிச் சுருண்டு வலப்புறம் கவிழ்கிறது. மண்பாளம் ஒருபுறம் தள்ளப்படும்போது கலப்பை மறுபுறம் விலக முயலும். அவ்வாறு விலகாமல் சாலின் சுவரில் ஊன்றி நிற்பது பக்கத்தகடு. இம்மூன்றையும் ஓர் உலோகத் துண்டு இணைத்துச் சட்டத்தோடு பிணைக்கிறது.

சீனத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இறக்கைகள் வழக்கில் இருந்தன. அமெரிக்காவின் ஒட்டும் கரிசல் மண் வார்ப்பிரும்பில் அப்பிக்கொண்டதால், 1837-இல் ஜான் டியர் என்னும் கொல்லர் வழவழப்பான எஃகினால் கலப்பை செய்தார். இறக்கை எவ்வளவு வழவழப்பாக உள்ளதோ அவ்வளவு எளிதாக மண் வழுக்கிச் செல்லும். அதனால்தான் பணி முடிந்ததும் இறக்கையைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசி வைக்கின்றனர்.

டிராக்டரில் பொருத்துதல்

ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய மும்முனை இணைப்பு, 1939-இல் வெளிவந்த ஃபோர்டு டிராக்டரின் வழியாகப் பரவியது. கீழே இரண்டு கைகள், மேலே ஒரு தண்டு என மூன்று இடங்களில் கருவி பிணைக்கப்படுவதால் இது அப்பெயர் பெற்றது.

முதலில், டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டிலும் காற்றழுத்தம் சமமாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். பின்னர், சமதளத்தில் வைக்கப்பட்ட கலப்பையை நோக்கி டிராக்டரை மெல்லப் பின்செலுத்த வேண்டும். அப்போது இரண்டுக்கும் இடையில் எவரும் நிற்றல் ஆகாது. இடக்கையை முதலிலும், உயரம் மாற்றத்தக்க வலக்கையை அடுத்தும், மேல்தண்டை இறுதியிலும் பொருத்திப் பூட்டு ஊசிகளை இட வேண்டும். கழற்றும்போது இவ்வரிசை தலைகீழாகும்.

அடுத்தது சமன்செய்தல். உழும்போது டிராக்டரின் வலச்சக்கரங்கள் முந்தைய சாலுக்குள் இறங்கி ஓடும். இடச்சக்கரங்கள் உழாத நிலத்தின்மேல் ஓடும். ஆகவே டிராக்டர் வலப்புறம் சாய்ந்தே செல்லும். அச்சாய்விலும் கலப்பை நேராக நிற்க வேண்டும். இதைக் களத்திலேயே சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. 20 செ.மீ. ஆழம் உழ வேண்டுமெனில், இடச்சக்கரங்களை 20 செ.மீ. உயரமுள்ள உறுதியான கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்துக. வலக்கையின் திருகைச் சுழற்றிக் கலப்பையின் சட்டம் தரைக்கு இணையாகும்படி செய்க.

முன்பின் சமன் மேல்தண்டைப் பொறுத்தது. தண்டைச் சுருக்கினால் கொழுமுனை கீழ்நோக்கி மண்ணில் எளிதாக இறங்கும். மிகையாகச் சுருக்கினால் முன்கொழு ஆழமாகவும் பின்கொழு மேலாகவும் ஓடும். நீட்டினால் முனை நிமிர்ந்து கலப்பை மண்ணில் இறங்க மறுக்கும்.

உழும் முறை

மண்ணின் ஈரம் முதற்கண் அறியத்தக்கது. சாலின் ஆழத்திலிருந்து ஒருபிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து இடுப்பளவு உயரத்திலிருந்து விட வேண்டும். அது உதிர்ந்தால் உழலாம். உதிராமல் அப்பமாகப் படிந்தால் ஈரம் மிகுதி; அந்நிலையில் உழுதால் மண் இறுகிக் கட்டிபடும். உருண்டையே பிடிக்க இயலாவிட்டால் வறட்சி மிகுதி.

நீண்ட வைக்கோல் கலப்பையில் சிக்கி அடைத்துக்கொள்ளும். எனவே அதை முன்னதாகவே இயந்திரத்தால் நறுக்கிப் பரப்ப வேண்டும். முதற்சாலைப் பாதி ஆழத்தில் நேராக ஓட்டி, அடுத்த சாலிலிருந்து முழு ஆழத்திற்குச் செல்வர். மணிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 கிலோமீட்டர் வேகம் போதுமானது. சிறிது தொலைவு சென்றபின் நிறுத்தி, ஆழத்தை அளந்து பார்ப்பது நல்லது. மண்பாளங்கள் ஒரே அளவாக வரிசையில் படிந்திருந்தால் பொருத்தம் சரி. ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் கிடந்தால் மீண்டும் சமன்செய்க.

சாதாரண இறக்கைக் கலப்பை எப்போதும் வலப்புறமே மண்ணைத் தள்ளுவதால், வயலில் மேடும் பள்ளமும் தோன்றும். நீர் பாய்ச்சும் வயலுக்கு இது பெருங்குறை. மீள்திருப்பு வகையில் மேலும் கீழுமாக இரண்டு தொகுதி இறக்கைகள் உள்ளன. வரப்போரத்தில் ஹைட்ராலிக் ஆற்றலால் கலப்பை தலைகீழாகச் சுழல, திரும்பும் ஓட்டத்திலும் மண் அதே திசையில் விழும். வயலின் மட்டம் கெடாது. அரசுத் திட்டத்தில் இடம்பெற்றது இவ்வகையே.

கலப்பையின்மீது எவரும் ஏறிச் செல்லலாகாது. கலப்பையைத் தரையில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்த பின்னரே அடைப்பை அகற்ற வேண்டும்.

அளவறிந்து உழுதல்

புதைந்த வைக்கோலை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் இளம்பயிர் சிறிது காலம் வெளிறக்கூடும். உரமிடும்போது இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுதால் அடியில் கடினப்படுகை உருவாகி வேரைத் தடுக்கும். புரட்டப்பட்ட மண் தன் ஈரத்தையும் விரைவில் இழக்கும். அமெரிக்காவின் புல்வெளிகளை வரம்பின்றி உழுததும், தொடர்ந்து வந்த வறட்சியும் 1930-களில் பெரும்புழுதிப் புயல்களுக்குக் காரணமாயின. ஆகையால், உழாமலே வைக்கோலுக்கிடையில் கோதுமையை விதைக்கும் கருவிகளும் இன்று பயன்படுத்தப்படுகின்றன.

ஆழ உழுவது அறிவு. எப்போது உழ வேண்டும், எப்போது உழாதிருக்க வேண்டும் என்று அறிவது அதனினும் பெரிய அறிவு. நன்கு பொருத்திய ஒரு கலப்பை, தீக்குச்சியை நாட வேண்டிய நெருக்கடியிலிருந்து உழவரை விடுவிக்கிறது. அதன் பயன் அவர் வயலோடு நின்றுவிடாமல், தொலைவில் உள்ள நகரத்துக் குழந்தையின் மூச்சுவரை சென்று சேர்கிறது.

சொற்பொருள்

கொழு – மண்ணை வெட்டும் கலப்பை முனை
சால் – உழுத பள்ளக் கோடு
தாள் – அறுவடைக்குப்பின் நிற்கும் பயிரடி
தழைச்சத்து – நைட்ரஜன்

பயிற்சி

1. பூசா நிறுவனம் தில்லிக்கு இடம்பெயர்ந்தது ஏன்?
2. இடச்சக்கரங்களைக் கட்டையின்மேல் ஏற்றிச் சமன்செய்வதன் காரணத்தை விளக்குக.
3. மேல்தண்டை மிகையாகச் சுருக்கினால் என்ன நேரும்?
4. ‘உழவர் தீயை நாடியதற்குக் காலநெருக்கடியே காரணம்.’ இக்கூற்றைப் பாடக்கருத்துகளைக் கொண்டு ஆராய்ந்து ஒரு பத்தி எழுதுக.
5. பிரித்து எழுதுக: தலைகீழாகும், மண்பாளம், வரப்போரம்.
6. உழவு தொடர்பான பழமொழிகள் ஐந்தினை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து வருக.